மாப்பிள்ளையைக் காட்ட நான் செய்த ரிமோட்

என் அக்காவின் கல்யாணத்தை நான் கெடுக்கப் பார்த்தேன் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது உண்மை இல்லை. கெடுக்கப் பார்க்கவில்லை, முழுதாகவே கெடுத்தேன். அது தானாக எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, நல்லபடியாக நடந்து போய்விட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நான்கு கால்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. மாத்தளை டவுனில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில், ஆறு மாதக் கம்பியூட்டர் கோர்ஸில் நான்கு மாதம் முடித்திருந்தேன். சான்றிதழ் இன்னும் வரவில்லை. அதற்குரிய நடை மட்டும் வந்துவிட்டது. இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும்போது, உலகத்தில் பழுதாய்க் கிடப்பதெல்லாம் என் காலடி கேட்டு எழுந்து உட்காருவதாக எனக்கு ஒரு நினைப்பு. (ஆணவம் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.)

முதலில் செத்த ரிமோட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்கா நான்கு வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்து, துடைத்து, யாரோ பெற்ற பிள்ளைகளைத் தூங்க வைத்து, திரும்பி வரும்போது ஒரு டீவி கொண்டுவந்தாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் அத்தனை பெரிய டீவி அதுவரை யாரிடமும் இல்லை. எந்தக் கம்பனி என்று மாத்தளைக் கடைக்காரர்களுக்கும் தெரியவில்லை. முன்பக்கம் நான்கே பொத்தான்கள்: சத்தம் கூட்ட, குறைக்க, சேனலை முன்னே தள்ள, பின்னே தள்ள. மற்ற வித்தையெல்லாம் ரிமோட்டின் கையில். சீடி போட்டுப் படம் பார்க்க வேண்டுமானால் ஏ.வி. என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அது ரிமோட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா தேயிலை பெக்டரியிலிருந்து தன் ஸ்பேனர்களைக் கொண்டுவந்து துடைத்து வைத்தார். அம்மா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வைத்தாள். நான் என் கம்பியூட்டர் நோட்டை வைத்தேன். பிறகு, இந்த வீட்டில் எல்லாரையும் விட அதிகம் உழைப்பது ரிமோட்தானே என்று ஒரு சிறு பிரசங்கம் செய்து, அதையும் எடுத்து வைத்தேன். வைத்ததோடு நின்றிருக்கலாம். பொத்தானுக்குப் பொத்தான் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீரை மூன்று முறை தாராளமாகத் தெளித்தேன். (பக்தியில் நான் குறை வைப்பதில்லை.) மறுநாள் ரிமோட் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைத் தகட்டின் மேல் சந்தனம் சுவர்ப் பூச்சு மாதிரி காய்ந்து நின்றது. பிளேடால் சுரண்டினேன். சந்தனத்தோடு செப்புக் கோடுகளும் பெயர்ந்து வந்தன. கொஞ்சம் மூச்சு மிச்சம் இருந்திருக்கும். அதையும் நான்தான் நிறுத்தினேன்.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரஸ்வதி தாயே எடுத்துக்கிட்டா போல. விட்ருமா," என்றார்.

விட்டிருப்பேன். ஆனால் இரண்டே வாரத்தில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

பலாபத்வலயில், யாழ்ப்பாண ரோட்டோரம் வெள்ளைக்காரர்கள் இறங்கிப் பார்க்கும் வாசனைத் தோட்டங்களில் ஒன்றில் வேலை செய்தார் மீனாட்சி அத்தை. அவர் வந்து உட்கார்ந்து எழுந்து போன இடத்தில் கறுவாப்பட்டை மணம் ஒரு நாள் நிற்கும். அவருடைய மகன் தியாகு கட்டாரில், உயரமான கட்டடங்களில் ஏ.சி. குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். தை மாதம் லீவில் வருவார். அதற்குள் பெண் பேசி முடிக்க வேண்டும். அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. அந்த எண் அம்மாவின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். முன்பு ஒரு மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்துச் சரி சொல்லி, நேரில் வந்தவர் அந்தப் படத்துக்குச் சித்தப்பா மாதிரி இருந்ததால் நின்றுபோன அனுபவம் அவளுக்கு உண்டு.

"படத்தப் பாத்து எடுக்க நான் என்னா காலண்டரா வாங்குறேன்? அந்த மனுசன் பேசுறதப் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

போனில் பேசலாமே என்றால், மீனாட்சி அத்தைக்கு அது ஆகாது. பரிசத் தட்டு மாறுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் பேசுகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை. பேசிப் பழகிவிட்டு யாராவது ஒருத்தர் வேண்டாம் என்றால் அப்புறம் யார் முகத்தில் யார் விழிப்பது என்று கேட்டார். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு வழி பிறந்தது. தியாகு ஒரு கூட்டாளியைக் கொண்டு தன்னை வீடியோ எடுத்து, சீடியில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். மீனாட்சி அத்தை அதை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். பெரியவர்கள் கூடியிருக்க, எங்கள் டீவியில் போட்டு அக்கா பார்ப்பாள். நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன் அவள் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் கையில் இருக்கும் இன்னொரு சாதகத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். (அப்படி நேரடியாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் நல்ல சிவப்பு என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.)

எங்கள் லயத்தில் நான்காவது வீடு கணேசன் அண்ணனுடையது. கோயில் திருவிழா, பூப்புனித நீராட்டு, சாவு, எதற்கும் ஒலிபெருக்கி செட் கட்டுபவர். அவர் தன் டீவியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். சின்ன டீவிதான், ஆனால் ஏ.வி. பொத்தான் அதன் முகத்திலேயே இருந்தது. கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் வேண்டாம் என்றேன். நாலு வருடம் அடுப்படியில் நின்று அக்கா கொண்டுவந்த டீவியில்தான் அவளுடைய மாப்பிள்ளை தெரிய வேண்டும் என்றேன். கேட்க நன்றாக இருந்தது. அக்காகூடக் கண் கலங்கினாள். அந்த வசனத்தின் அழகில் நானே வழுக்கி விழுந்தேன். இன்றுவரை என் எழுத்தில் இருக்கும் வியாதியும் அதுதான்.

மாத்தளையில் மூன்று கடைகளில், எல்லா டீவிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் ரிமோட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லா டீவிக்கும் பொருந்தின. எங்கள் டீவியைத் தவிர. அப்போதுதான் எனக்குக் கம்பியூட்டர் சொல்லித்தந்த நிலந்தி மிஸ், இணையத்தில் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துத் தந்தார். ரிமோட் இல்லாவிட்டால் ரிமோட்டின் பேச்சை நீயே பேசு என்பதுதான் அந்தப் பக்கத்தின் சாரம்.

எனக்கு விளங்கிய வரையில் சொல்கிறேன். ரிமோட்டின் நெற்றியில் இருக்கும் சின்ன விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பில் மின்னுகிறது. நீளமாக ஒரு மின்னல், குட்டையாக நான்கு, மறுபடி நீளம் என்று அது ஒரு தாளம். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு தாளம். அந்த மின்னலுக்குள்ளே விளக்கு நொடிக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை துடிக்க வேண்டும். அப்போதுதான் டீவி அதைத் தன்னைக் கூப்பிடுவதாக எடுத்துக்கொள்ளும். கம்பியூட்டரின் ஒலிக்கு அத்தனை வேகம் வராது. பாதிதான் வரும். அதனால் இரண்டு விளக்குகளை ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கட்ட வேண்டும். ஒலி மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது மற்றது. இரண்டு பத்தொன்பதாயிரம் சேர்ந்து முப்பத்தெட்டாயிரம். அதாவது ஒரு பாட்டை எழுதி, அந்தப் பாட்டை வெளிச்சமாக்கி, அந்த வெளிச்சத்தை டீவியின் முகத்தில் அடிக்க வேண்டும். மனிதக் காதுக்குக் கேட்காத பாட்டு, மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். கவிதை எழுத ஆசைப்படுகிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய பொறி யாரும் வைக்க முடியாது. தலைகொடுத்தேன்.

விளக்குகளையும் வயரையும் ஈயத்தையும் டவுனில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போர் மறுபடி தொடங்கிவிட்ட காலம். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி, பையைப் பார்த்தார்கள். வயரைத் தூக்கிப் பிடித்து இது எதற்கு என்று கேட்டார் சிப்பாய். எனக்குத் தெரிந்த அத்தனை சிங்களத்திலும் அந்த நேரம் வாயில் வந்தது ஒரே சொல்தான்: "ரிமோட்."

ரிமோட்டில் குண்டு வெடித்த அந்தக் காலத்தில், வயர் வைத்திருந்த ஒரு தமிழ்ப் பெண் சொல்லியிருக்கக் கூடாத சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டால், முதலாவது அதுதான். என்னை ஓரமாக நிற்க வைத்தார்கள். பஸ் போகலாம் என்றார்கள். பஸ் போனது. அதிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் இறங்கி நின்றார். நிலந்தி மிஸ். அவருடைய வீடு அந்தப் பாதையில்தான் இருந்தது. "பய வெண்ட எப்பா, நங்கி," பயப்படாதே தங்கச்சி என்று என் தோளில் கை வைத்துவிட்டு, சிப்பாயிடம் போய் அரை மணி நேரம் பேசினார். டீவி, சந்தனம், பூஜை, கட்டார் மாப்பிள்ளை, ராகு காலம் எல்லாவற்றையும் சிங்களத்தில் வரிசையாகச் சொன்னார். நடுவில் சிப்பாயின் முகம் மெல்லக் கோணியது. அது சிரிப்பை அடக்குவது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. பையைத் திருப்பித் தந்தபோது, அடுத்த தடவை பொத்தான் உள்ள டீவியாக வாங்கச் சொல்லி அனுப்பினார். நான் இன்று உட்கார்ந்து இதை எழுதுவதற்கு முன்னால் அந்த அரை மணி நேரம் நிற்கிறது. நிலந்தி மிஸ் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தார். அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் சோதனை வெள்ளிக்கிழமை. கம்பியூட்டரில் பத்துத் தாளங்களைச் செய்து சீடியில் எழுதிக் கொண்டுவந்தேன். வீட்டு டிவிடி பிளேயரில் சீடி. அதிலிருந்து வயர் கணேசன் அண்ணனின் ஆம்பிளிபயருக்கு. அங்கிருந்து என் இரண்டு விளக்குகள், டீவியின் நெற்றியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியபடி. சீடி சுற்றியது. அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறாவது தாளத்தில் டீவியின் திரையில் ஒரு பச்சைக் கோடு, சத்தம் ஒரு படி கூடியதற்கு அடையாளமாக, மெல்ல நீண்டது.

அந்தப் பச்சைக் கோட்டைப் போல ஒரு வரியை நான் இன்னும் எழுதவில்லை.

டீவிக்கு என் பேச்சு புரிகிறது என்பது தெரிந்துவிட்டது. ஏ.வி. எந்தத் தாளம் என்பது மட்டும் தெரியவில்லை. மொத்தம் இருநூற்றைம்பத்தாறு தாளங்கள் சாத்தியம். டீவியை அணைக்கும் தாளம் எது என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும், ஒன்றன் பின் ஒன்றாக, ஏழு நிமிட சீடியாக எழுதினேன். எங்கோ நடுவில் ஏ.வி. வரும், வந்ததும் நிறுத்தி, மாப்பிள்ளையின் சீடியைப் போட வேண்டியதுதான். ஞாயிறு காலை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று இருந்தேன். ஞாயிறு காலை கரண்ட் போய்விட்டது.

இரண்டு மணிக்கு வேன் வந்தது. மீனாட்சி அத்தை, அவருடைய தம்பி, இன்னும் ஐந்தாறு பேர். சீடியை அத்தை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்ட் இல்லை. பலகாரம் வந்தது, தேத்தண்ணி வந்தது, மழை வருவது போல் இருண்டது, கரண்ட் மட்டும் வரவில்லை. அத்தையின் தம்பி தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் அம்மா அவர் பார்ப்பதைப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. அக்கா உள் அறையில் நீலச் சேலை கட்டி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வருமா டி?" என்று மட்டும் கேட்டாள். கரண்டைக் கேட்டாளா, மாப்பிள்ளையைக் கேட்டாளா தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. எல்லார் முகமும் தெளிந்தது. நான் போர்க்களத்துக்குப் போகிறவள் மாதிரி டீவிக்கு முன்னால் மண்டியிட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்று கணேசன் அண்ணன், காலையிலேயே, யாரும் கேட்காமல், அன்பின் மிகுதியால், தன் இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கர்களை வாசலில் வைத்து, அதே ஆம்பிளிபயரில் கொழுவியிருந்தார். நான் அதைப் பார்த்தேன். ஆம்பிளிபயரில் ஒரு குமிழ் இருந்தது: ஒரு பக்கம் திருப்பினால் ஸ்பீக்கர்கள், நடுவில் வைத்தால் என் விளக்குகள், கடைசிவரை திருப்பினால் இரண்டும். எனக்குப் பதட்டம். பதட்டத்தில் நான் எதையும் கடைசிவரை திருப்புகிற ஆள்.

சீடி சுற்றத் தொடங்கியது. டீவியில் சிங்கள நாடகம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் நடக்கவில்லை. வாசலில் பீலிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது போல 'டிக், டிக்' என்று கேட்டது. சத்தம் போதவில்லை என்று நினைத்து ஆம்பிளிபயரைக் கொஞ்சம் கூட்டினேன். காதுக்குள் ஊசி முனை போல ஒரு கூச்சம். பதட்டம் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் கூட்டினேன். பாட்டு காதில் விழவில்லையே என்று சத்தத்தைக் கூட்டியவள், இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டீவி விழித்துக்கொண்டது. முதலில் நிறங்கள் போய், நாடகத்தில் அழுதுகொண்டிருந்த பெண் கறுப்பு வெள்ளையில் அழுதாள். பிறகு சத்தம் ஏறி, அவள் அழுகை லயம் முழுக்கக் கேட்டது. பிறகு படம் அகலமாகி, அவள் முகம் பூசணிக்காயாக விரிந்தது. அதற்குப் பிறகு திரை நீலமாகி, வலமிருந்து இடமாக, வரிசை வரிசையாக, அரபு எழுத்தில் ஒரு பட்டியல் வந்து நின்றது. குவைத்திலிருந்து வந்த பெட்டி, தன் தாய்மொழிக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பட்டியல் திறந்திருக்கும்போது வேறு எந்தப் பேச்சையும் அது காதில் போட்டுக்கொள்ளாது என்பது பிறகுதான் தெரிந்தது.

"இது என்னாங்க படம்?" என்று அத்தையின் தம்பி அப்பாவிடம் கேட்டார். அப்பா, தனக்கும் அரபிக்கும் சம்பந்தமில்லை என்பது போலக் கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் எங்கள் நாய் மணி வாசலுக்கு வந்தது. வீட்டைப் பார்த்து உட்கார்ந்தது. கழுத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, நீளமாக ஊளையிட்டது. அடுத்த வீட்டு நாய் அதை வாங்கிக்கொண்டது. பிறகு கீழ் லயம், பிறகு மேல் லயம், பிறகு தோட்டத்துரையின் பங்களாப் பக்கமிருந்து உயர்ந்த சாதி நாய் ஒன்று. பட்டப்பகலில், பரிசம் பேசும் வீட்டின் வாசலைச் சுற்றிப் பதினைந்து இருபது நாய்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து ஒரே குரலில் அழுதன.

நாய் ஊளையிட்டால் எங்கள் பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நாய் என்றாலே கல்லெடுத்து விரட்டிவிட்டுச் சாமி கும்பிடுவோம். அம்மா வாய்க்குள் மாரியம்மனைக் கூப்பிட்டாள். நான் பார்த்தபோது மீனாட்சி அத்தையின் முகத்தில் இரத்தம் இல்லை. மடியில் இருந்த கைக்குட்டை கீழே விழுந்திருந்தது. அவர் நினைத்தது இந்த வீட்டைப் பற்றி அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு மாடியின் விளிம்பில் நிற்கும் பிள்ளையைப் பற்றி.

"எனக்கு எம்புள்ள கொரலக் கேக்கணும்," என்றார். எழுந்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

எங்கள் தோட்டத்தில் கைப்பேசிக்கு சிக்னல் வேண்டுமானால் மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் உள்ள பாறைக்கு ஏற வேண்டும். அத்தை முன்னால் போனார், தம்பி பின்னால், பிறகு அம்மா, அப்பா, வந்தவர்கள், லயத்து ஆட்கள். நீலச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கடைசியாக அக்கா. வீட்டில் நானும் அரபு டீவியும் மட்டும்.

சீடி முடிந்தது. ஊளை நின்றது. நாய்கள் ஒன்றையொன்று வெட்கத்தோடு பார்த்துக்கொண்டு கலையத் தொடங்கின. நான் சீடியையும் வாசலில் இருந்த ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தேன். ஆனாலும் நான் கம்பியூட்டர் படித்தவள். ஒரு தடவை நடந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. உறுதி செய்வதற்காகச் சீடியை மறுபடி போட்டேன்.

மறுபடி ஊளை. பாதி வழியில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த அத்தை, அதைக் கேட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாராம்.

எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு நானும் ஓடினேன். நான் பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தை இரண்டு தடவை எடுத்துப் பதில் வராமல், மூன்றாவது தடவை போனைக் காதில் வைத்தபடி நின்றார். அந்தப் பக்கம் போன் அடிப்பது எனக்கே கேட்டது. அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை எப்போதும் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் வைத்திருப்பார்.

"அம்மா? மேல நிக்கிறேன். அப்பறம் எடுக்கட்டா?"

அத்தை போனைப் பிடித்தபடி பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா, என்னாச்சு, ஏன் பேசாம இருக்கீங்க என்று அந்தக் குரல் மறுபடி மறுபடி கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு நான் சொன்னேன்:

"அத்தை, நாய் ஊளையிட்டது என்னாலதான்."

அத்தை என்னைப் பார்த்தார். போனை என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு. எனக்கு ஒன்னும் வெளங்கல."

சொன்னேன். சந்தனத்திலிருந்து தொடங்கி, நமக்குக் கேட்காத பாட்டு ஸ்பீக்கர் வழியாக நாய்க்குக் கேட்டது, டீவி அரபிக்குப் போனது வரைக்கும். சுற்றி நின்ற முப்பது பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன், ஒருவருக்கும் புரியவில்லை. போனில் காற்றுச் சத்தத்துக்கு நடுவே தியாகு கேட்டார்:

"எத்தன கிலோ ஹேர்ட்ஸ்?"

"பத்தொன்பதுங்க."

"வாசல்ல இருந்த ஸ்பீக்கரக் கழட்டலையா?"

"இல்லீங்க."

அப்புறம் அவர் சிரித்தார். பெக்டரியில் காலையில் முதல் ரோலர் சுற்றத் தொடங்குவது போல, தயங்கி, திக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ என்னவென்று கேட்க, அவர் பாதி மலையாளத்திலும் பாதி ஹிந்தியிலும் சொல்ல, அங்கே நாலைந்து குரல் சேர்ந்து சிரித்தன. எங்கோ பாலைவனத்தின் மேல், இரும்புச் சாரத்தில், எங்கள் மணியின் ஊளையை ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பாறையில் அப்பா முதலில் சிரித்தார். பிறகு கணேசன் அண்ணன். பிறகு யார் யார் என்று தெரியவில்லை.

என் கையிலிருந்த போனை யாரோ எடுத்தார்கள். அக்கா.

மீனாட்சி அத்தை வாயைத் திறந்தார். தட்டு மாறவில்லை; பேசக் கூடாது. ஆனால் அவருடைய கன்னமெல்லாம் ஈரம். சேலைத் தலைப்பால் அதைத் துடைக்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார்.

"நான்தான் பேசுறேன்," என்றாள் அக்கா.

சிரிப்பு சட்டென்று நின்றது. தொண்டையைச் செருமும் சத்தம். "சீடியப் பாத்தீங்களா?"

"இல்ல. டீவி அரபியில நிக்குது."

"அப்படியா. நான் வந்து மாத்தித் தர்றேன்."

"அரபி எனக்கே தெரியும்," என்றாள் அக்கா. "நீங்க எப்ப வர்றீங்க, அதச் சொல்லுங்க."

அப்போது மணி நாலு பத்து. பாறையிலிருந்து எல்லாரும் இறங்கி வந்து தட்டு மாற்றியபோது நாலரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அத்தையின் தம்பி கடிகாரத்தை எல்லாருக்கும் காட்டினார்.

தை மாதம் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், கணேசன் அண்ணனின் சின்ன டீவியில் அந்தச் சீடியைப் போட்டோம். அத்தான் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், யாரிடமோ இரவல் வாங்கிய டையில், கையிரண்டும் தொடையில் ஒட்டி நிற்கிறார். "வணக்கம். எனது பெயர் தியாகராஜா. எனக்கு மது, புகை முதலான பழக்கங்கள் கிடையாது" என்று பாடசாலைப் பேச்சுப் போட்டி மாதிரி ஒப்புவிக்கிறார். மூன்று நிமிடத்தில் இரண்டு தடவைதான் கண் சிமிட்டுகிறார். அக்கா கடைசிவரை பார்த்தாள்.

"கலா," என்றாள் என்னிடம். "இத அன்னைக்குப் பாத்திருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"நானே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார் அத்தான்.

அந்த வருடங்களில் போன் மணி அடித்தால் எந்த வீட்டிலும் கைவேலை நின்றுவிடும். பிள்ளை இருக்கிறானா என்று கேட்க ஓடிய தாய்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பாறைக்கு, எந்தெந்த வாசலுக்கு. அவர்களில் நிறையப் பேருக்குப் பதில் வரவில்லை. எங்களுக்கு வந்தது. அதுவும் சிரித்துக்கொண்டு வந்தது. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் ஒரு கூட்டமே எனக்கு முன்னால் வந்து நிற்கிறது: பஸ்ஸை விட்டு இறங்கிய நிலந்தி மிஸ், கேட்காமலே ஸ்பீக்கர் கட்டிய கணேசன் அண்ணன், ஒரு தடவைகூட என்னைத் திட்டாத அப்பா, செருப்பில்லாமல் ஓடிய அத்தை, வாசலில் வட்டமாக உட்கார்ந்த அந்த இருபது ஜீவன்கள். எந்த வரிசையில் சொன்னாலும் யாரோ ஒருவர் குறைகிறார்.

போன ஆவணியில், மீனாட்சி அத்தையின் தம்பி மகளுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் நாவுலயிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல கட்டுப்பாடான குடும்பம். தட்டு மாறும்வரை பெண்ணும் பையனும் பேசுவது தங்களுக்குப் பழக்கமில்லை என்று பணிவாகச் சொன்னார்கள். அத்தைக்கு இப்போது நன்றாகவே காது கேட்பதில்லை. ஆனால் இது மட்டும் கேட்டது.

"அதெல்லாம் எங்க வீட்டுல ஆகாதுங்க," என்றார். "தட்டு மாத்துறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் வாய் விட்டுப் பேசிப்புடணும். நாய் வந்து ஊளையிட்டுப் பேச வைக்கிற வரைக்கும் நாங்க காத்துக்கிட்டு இருக்கிறதில்ல."

வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.